வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

அறுபதுகளின் நடுப்பகுதி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கம் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஆசிரியையாகப் போய் மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வயது இருபத்தொன்று. மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறையவே இருந்தது. போதாததற்குக் கோடு போடுகிற பைத்தியம் வேறு. எதை எழுதினாலும் அடிமட்டம் வைத்து, சிவப்பு மையில் பத்தி பிரித்து எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை போய், சிங்களத் துரை ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவருடைய மனைவியை எல்லோரும் துரைசாணி என்போம். கொழும்பில் படித்த காலத்தில் டென்னிஸ் ஆடியவர். பங்களாவுக்குப் பக்கத்தில் இருந்த டென்னிஸ் தரை ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, இந்தப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்கினால் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள், யார் யார் வருவார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் கேட்டது ஒரு துண்டு. நான் எடுத்தது நான்கு முழுத்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் என்று பிள்ளைகளின் விவரம் பதிகிற பள்ளி இடாப்பில் இருந்த பத்திகளையெல்லாம் அப்படியே போட்டேன். டென்னிஸ் ஆடுவதற்குப் பிறந்த இடம் எதற்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயம் லயமாகப் போனேன். அங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பித்தது. டென்னிஸ் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் விளையாட்டைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வீட்டில், பிறந்த இடம் ரத்தோட்டை என்றே எழுதும்படி மூன்று தடவை சொன்னார்கள். அடுத்த வீட்டில், திருச்சி என்று போடச் சொன்னார்கள். அந்தப் பையன் பிறந்தது இந்த லயத்தில்தான் என்று எனக்கே தெரியும். இன்னொரு வீட்டில் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, பிள்ளையே இல்லை என்றார்கள். அறுபது வயதுக் கிழவர் ஒருவர் என் பின்னாலேயே வந்து, "என் பேரையும் போட்ருங்க டீச்சரம்மா" என்றார். இந்த வயதில் இவருக்கு டென்னிஸ் ஆசையா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று எழுதியும் வைத்தேன்.

மறுநாள் காலை பங்களாவுக்குப் போனவள் திருதிருவென்று விழித்தேன். இருபது பிள்ளைகளை எதிர்பார்த்த இடத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் நின்றார்கள். திருவிழாவுக்குக் கட்டுகிற சேலை, வெள்ளை வேட்டி. பல பேர் கையில் துணியில் சுற்றிய கடதாசிக் கட்டு. கிழவர் ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். துரைசாணி நான்கு மட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்களெல்லாம் ஆடவா வந்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்வேன்? பிள்ளைகள் மேல் உள்ள ஆசை, பார்க்க வந்திருக்கிறார்கள் என்று உளறி வைத்தேன்.

அவர் என் தாளை வாங்கி, தமிழுக்குப் பக்கத்தில் நான் ஆங்கிலத்திலும் எழுதியிருந்த பெயரை வாசித்து, ஒவ்வொரு பிள்ளையாக வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நிறுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பக்கம் போகிறது என்று கூட்டத்தில் எல்லாக் கண்ணும் பார்த்தன. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியை அந்தப் பக்கம் அனுப்பினார். அடுத்து அவளுடைய தம்பி. அவனை இந்தப் பக்கம் நிறுத்தினார்.

அவ்வளவுதான். அவர்களுடைய அம்மா ஓடிவந்து பையனைத் தூக்கிக்கொண்டு, வலையைத் தாண்ட வழி தெரியாமல் அதன் மேலேயே விழுந்தாள். எழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டையும் ஒரே பக்கமாப் போடச் சொல்லுங்க டீச்சரம்மா. அனுப்புறதுன்னா எல்லாரையும் சேத்து அனுப்பச் சொல்லுங்க. பொண்ண மட்டும் பிரிக்காதீங்க."

எங்கே அனுப்புவது, யாரைப் பிரிப்பது, எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் டென்னிஸ், டென்னிஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு கிழவர்தான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தியாவுக்குப் போறவங்க எந்தப் பக்கம், இங்க இருக்கிறவங்க எந்தப் பக்கம்? அத மட்டும் சொல்லிடுங்கம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்து ஆட்களில் இத்தனை பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள், இத்தனை பேரை இங்கே வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நாடு முழுக்கப் பேச்சாகக் கிடந்த காலம் அது. பத்திரிகையில் நானும் படித்திருந்தேன். எங்கள் வீட்டுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் எப்போதோ கிடைத்துவிட்டதால், படித்துவிட்டு மடித்து வைத்திருந்தேன். தகப்பன் பெயர், பிறந்த இடம் என்று சிவப்புக் கோடு போட்ட தாளோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால் அவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "டென்னிசுக்குத்தான்னு நான் சொன்னேன்தானே?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தத் தரையில எங்க நிழல்கூட விழுந்ததில்ல. அங்க வெளயாடக் கூப்புடுறாங்கன்னா நாங்க எப்படிம்மா நம்புறது?" என்றாள்.

துரைசாணி என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே நின்றார். அந்த நான்கு தாளையும் அவர் கையிலிருந்து வாங்கி, அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகளைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அதை அடுப்பில் போட்டாளோ, பத்திரப்படுத்தினாளோ, நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, துரைசாணி தானே லயத்துக்கு நடந்து வந்து, ஒரு பந்தைக் குழாயடியில் தட்டிக் காட்டினார். கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. ஆறு பிள்ளைகள் அவர் பின்னால் போனார்கள். அந்த அக்காவும் தம்பியும் அதில் இருந்தார்கள். பந்து எங்கே விழும் என்பது அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரியும்போல, அப்படி ஆடினாள். ஆனால் அம்மாவின் கட்டளை ஒன்று இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். கடைசிவரை அவர்கள் ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடியதேயில்லை.

எழுபதுகளில் உண்மையான கடதாசிகள் வந்தன. பெண்ணுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, அதனால் அவள் இங்கே. அப்பா, அம்மா, தம்பி மூவரும் இந்தியாவுக்கு. மாத்தளை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். ரயில் பெட்டியின் ஜன்னலுக்கு உள்ளே மூவரும், வெளியே மேடையில் அந்தப் பெண்ணும் நின்றார்கள். அம்மா என்னைப் பார்த்து, "அன்னைக்கு நான் பயந்ததுல தப்பில்லையே டீச்சர்?" என்றாள். ரயில் போய்விட்டது.

இன்று யாராவது நிறையப் பிள்ளைகளை டென்னிஸ் ஆட வைக்க வேண்டும் என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருவருடைய பெயரைத் தாளில் எழுதும் முன், எதற்கு எழுதுகிறேன் என்று அவர் நம்பும்வரை சொல்லாமல் என் பேனா இன்றுவரை திறந்ததில்லை.