மழைக்கு மறுநாள் மனை பார்க்கப் போனது

வேன் வேகத்தடையில் குதித்தபோது என் பையிலிருந்த காலி டிபன் டப்பா உருண்டோடி டிரைவர் காலடியில் நின்றது. மனை பார்க்க வருபவர்களுக்கு வேனும் மதியப் பிரியாணியும் இலவசம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். மகளுக்கும் கொஞ்சம் வாங்கி வரலாமென்று கொண்டுபோன டப்பா அது. "அண்ணா முன்னேற்பாடாத்தான் வந்திருக்காருங்க" என்றார் டிரைவர். வேனே சிரித்தது.

கல்யாணத்துக்கு முன் மகள் பேரில் ஒரு மனை வாங்கிவிட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணம். ஞாயிறு காலை 8.30க்குச் சேலம் சூரமங்கலத்தில் ஏறினேன். புதுச்சத்திரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இரண்டு. 9.45க்கு இறங்கினோம். முந்தின நாள் நல்ல மழை. "பாருங்கண்ணா, அத்தன மழைக்கும் ஒரு சொட்டு நிக்குதுங்களா?" என்றார் ஏஜென்ட். நிற்கவில்லைதான். பதினேழாம் நம்பர் மனையை மனசுக்குள் முடித்தே விட்டேன்.

அந்தத் தண்ணீர் போன இடம் கீழ்க்கோடியில் தெரிந்தது. பழைய ஓடையை மண்போட்டு மூடி, எல்லா வடிகாலையும் ஒரே சிமெண்ட் குழாயில் சேர்த்திருந்தார்கள். குழாய்க்கு நேர் எதிரே ஓர் ஓட்டு வீடு. வாசல் முழுக்கச் சேறு. மண்சுவர் இடுப்பளவு ஊறியிருந்தது. அந்த வீட்டு அம்மா சாக்கில் மண்ணை நிரப்பிக் குழாயை அடைத்துக்கொண்டிருந்தார். மேற்கே வானம் மறுபடி கறுத்திருந்தது.

ஏஜென்ட் ஓடினார். "ஏனுங்கக்கா, அடைச்சா மனையில தண்ணி நிக்குமுங்க!"

"நிக்கட்டும். அங்க யாரு குடியிருக்கறா? இன்னொரு மழைக்கு என்ற ஊட்டுச் செவுரு நிக்காது."

"ஆபீஸ்ல சொல்றேனுங்க."

"மூணு மழையா அதத்தான் சொல்றீங்க."

ஏஜென்ட் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, வாங்கப் போறவங்க நீங்க. சொல்லுங்கண்ணா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தம்மா தூக்கத் திணறிய மூட்டையின் மறுமுனையைப் பிடித்தேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். பேசாமல் தப்பிக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. நான்கு மூட்டை வைத்தோம். ஏஜென்ட் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு விலகிப் போனார்.

பிரியாணிக்கு நிற்கவில்லை. நடந்து வந்து பஸ் பிடித்தேன். சேலத்துக்கு நாற்பது ரூபாய். மல்லூர் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் தாங்கினவா, தெரியாது.

மனை பார்க்கிறவர்கள் மழைக்கு மறுநாளே போங்கள். மனையோடு நிற்காமல் கடைசிக் குழாய்வரை இறங்கி நடங்கள். ரப்பர் செருப்பு நல்லது.

நான் கிளம்பும்போது அந்தம்மா கேட்டார்: "யாருக்குங்க எடம்?"

"மகளுக்குங்க."

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மேடாப் பாத்து வாங்குங்க சாமி. புள்ள தண்ணியில கஷ்டப்படக் கூடாது."

பதினேழாம் நம்பர் நல்ல மேடுதான், உங்கள் வீட்டுக்கு நேர் மேலே என்று நான் சொல்லவில்லை.