மூன்றாவது குமிழ்

1967இல் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் பக்கம் கிதார் வைத்திருந்த பையன்களுக்கெல்லாம் ஒரே ஏக்கம். சீமை இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தக் கரகரத்த, கிழிந்த ஓசை வேண்டும். அதற்கென்றே காலால் மிதிக்கும் பெட்டி லண்டனில் விற்றது. ஜார்ஜால் வாங்க முடியவில்லை. அவன் தங்கை பிரிஜட் செய்து கொடுத்தாள்.

காதர் மைதீனின் ரேடியோ கடையில் ஈயம் பற்றவைப்பது அவள் வேலை. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் பொறுக்கிய இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒரு பேட்டரி, ஒரு பிஸ்கட் டின். மூன்று வாரத்தில் டின் கரகரத்தது. ஆனால் வெயில் ஏற ஏற ஓசை விக்கியது. அந்த டிரான்சிஸ்டர்களுக்குச் சூடு ஆகாது என்று கண்டுகொண்டவள், வெக்கைக்குத் தகுந்தபடி திருகிக்கொள்ள மூன்றாவதாக ஒரு குமிழ் வைத்தாள். லண்டன் பெட்டியில் அது கிடையாது. முழுக்க அவள் யோசனை.

"யார் செஞ்சதுன்னு மேடையில சொல்லுவியாண்ணே?"

"சொல்லாம? மைக்கிலேயே சொல்றேன் லா."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சுட்டுக்கொண்ட விரல்களை அம்மாவிடம் மறைத்து வேலை செய்திருந்தாள்.

ஞாயிறு பிற்பகல், மாதா கோயில் மண்டபத்தில் இசைக்குழுப் போட்டி. தகரக் கூரை அனலாய்க் கொதித்தது. பிரிஜட் அம்மா பிலோமினம்மாளோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த சவுண்டுக்காகவே லண்டன்லேர்ந்து பெட்டி வரவழைச்சிருக்கோம்," என்றான் ஜார்ஜ், மைக்கில்.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிரிஜட் டின்னைப் பார்த்தாள். புதுச் சாயம். இரண்டே குமிழ்கள்.

பாட்டு பாதி போகுமுன் ஓசை விக்கி, இருமி, அடங்கிப்போனது. கூட்டம் சிரித்தது. ஜார்ஜும் சிரித்துக்கொண்டே, "மன்னிச்சுக்குங்க, என் தங்கச்சி வீட்ல செஞ்சது. பொம்பளப் புள்ள வேலை, வேற எப்படி இருக்கும்?" என்றான். சிரிப்பு இன்னும் பலமானது.

மைக்கிலேயேதான் சொன்னான்.

மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டாள். "குமிழ் எங்கண்ணே?"

டிரம் அடிக்கும் கபீர்தான் பதில் சொன்னான். "அசல் பெட்டில ரெண்டுதானே? மூணு இருந்தா குட்டு உடைஞ்சிடும்ல. கழட்டிட்டு, அது நின்ன அளவுக்கே ரெசிஸ்டர் ஒண்ணு பத்தவெச்சேன். காலைல நல்லாத்தான் கத்துச்சு."

"காலைலயா போட்டி வெச்சாங்க?"

அந்த வருடக் கடைசியில் பையன்கள் பணம் போட்டு அசல் பெட்டியே வாங்கினார்கள். மார்ச் மாதத்து நடுப்பகலில் ஜார்ஜ் அதைக் கடைக்குத் தூக்கிவந்தான்.

"இதுவும் வெயில்ல விக்குது, பிரிஜட். கொஞ்சம் பாரேன்."

நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே அதே ரகத்து இரண்டு டிரான்சிஸ்டர்கள். அவள் பற்றவைத்தது இதைவிடச் சுத்தம். நான்கையும் திரும்ப முடுக்கி, அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே. லண்டனுக்கு எழுதிப் போடு."

அவன் போன பிறகு வெகுநேரம் கை பரபரத்தது. பத்து நிமிட வேலை. உலகத்தில் வேறெந்த வேலையும் அவளுக்கு அவ்வளவு பிடித்ததில்லை.