பூட்ஸுக்குக் காவல்

இன்று காலை கிள்ளானில் ஒரு செட்டியார் கிட்டங்கிக்குக் கடன் கேட்கப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் சுற்றுச்சுவர் கட்டும் காண்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. சுவர் எழும்பிய பிறகுதான் பணம் வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் இப்போதே வேண்டும்.

பெரிய காண்ட்ராக்டராகத் தெரிய வேண்டுமே! பக்கத்து வீட்டு ஆபீஸ் கிராணியிடம் கோட்டும் பூட்ஸும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கூட வந்தவர் என் கொத்தனார் மாரிமுத்து. வேட்டியெல்லாம் சுண்ணாம்புக் கறை.

“அண்ணே, நீங்க வாசல்லயே இருங்க. பூட்ஸைப் பாத்துக்குங்க.”

“சரி தம்பி” என்று சிரித்தார்.

உள்ளே பாயில் உட்கார்ந்தேன். செட்டியார் என் கோட்டை ஒருமுறை பார்த்தார்.

“ஜாமீனுக்கு யாரு இருக்கா?”

“யாருமில்லீங்க.”

“வாசல்ல நிக்கிறது?”

“அது நம்ம கூலிங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். “அட, மாரிமுத்து கொத்தனாரு! இந்தச் சுவரே அவரு எழுப்பினதுதான். இத்தனை மழைக்கும் ஒரு விரிசல் கிடையாது. அவரு ஜாமீன் நின்னா நாளைக்கே பணம் தர்றேன். அவரையா கூலிங்கிறீங்க?”

பாய்க்கும் வாசலுக்கும் நாலடி தூரம்கூட இல்லை. எல்லாம் மாரிமுத்து காதில் விழுந்திருக்கும்.

தலையைக் குனிந்துகொண்டே வெளியே வந்தேன். பூட்ஸைத் தன் துண்டால் துடைத்து, நான் காலை நுழைக்க வசதியாகத் திருப்பி வைத்திருந்தார்.

“போலாங்களா, மொதலாளி?” என்றார்.

இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நாளைக்கு அவரிடம் ஜாமீன் கேட்டாக வேண்டும். கோட்டைக் கிராணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முகத்தை யாரிடம் இரவல் வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.