பையில் கொண்டுபோன கோப்பை

போர்க்காலத்தில் திருகோணமலையில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரு விதி, தெருவில் ஓடக்கூடாது என்பது. யாரும் அதை எழுதி ஒட்டவில்லை. ஆனால் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒருவன் ஓடினால், எதற்காக ஓடுகிறாய் என்று நின்று விசாரிக்கிற பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. பஸ் போய்விட்டதா, போகட்டும். மழை வந்துவிட்டதா, நனை. எனக்கோ அப்போது முப்பத்தைந்து வயது, ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை, ஓடாமல் இருக்கவிடாத ஒரு வயிறு.

வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில் எந்த வீட்டுக் கக்கூசு தெருவுக்குப் பக்கம், எந்த வீட்டு நாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வயிறு ஊதும், முறுக்கும், பிறகு அவசரப்படுத்தும். காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனேன். பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து குடித்தேன். சூடு என்றார்கள்; எண்ணெய் வைத்து முழுகினேன். பயத்தால் வருகிற வருத்தம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. பயமில்லாத ஆள் ஊரில் எவர்? எல்லாரும் பயந்தார்கள், நான் மட்டும்தான் ஓடினேன்.

கடைசியில் உண்மையைப் பிடித்தவர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண் டொக்டர். மற்றவர்கள் எல்லாரும் எத்தனை தடவை போகிறது என்று கேட்டார்கள். அவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் பேக்கரிப் பாண், அலுவலகத்தில் தேத்தண்ணியோடு அதே பேக்கரியின் பணிஸ், இரவில் பிட்டு அல்லது ரொட்டி, ஊரடங்கு என்றால் மூன்று வேளையும் பாண் என்று சொன்னேன். அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் சாப்பிட்டது.

"கோதுமை மாவில குளூட்டன் எண்டு ஒரு சாமான் இருக்கு. சில பேருக்கு அது ஒத்துவராது," என்றார் அவர். "கொழும்பிலதான் சோதிச்சுப் பாக்கலாம். பாதை கிடக்கிற கிடைக்கு இப்ப உங்களாலை போகவும் ஏலாது. ஒரு மாதம் கோதுமை மா சேர்ந்த ஒண்டையும் தொடாமல் இருந்து பாருங்கோ."

"பாண் இல்லாமல் எப்படி டொக்டர் இருக்கிறது?" என்றேன்.

"பாணோட எப்படி இருக்கிறீங்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

என் மனைவி இந்தச் செய்தியை ஏதோ தேர்தல் முடிவைப் போல ஏற்றுக்கொண்டாள். மறுகேள்வி கேட்கவில்லை, உடனே ஆட்சியை மாற்றினாள். எங்கள் வீட்டுப் பிட்டு, மற்றவர்கள் வீட்டைப் போலவே, பாதி அரிசி மாவும் பாதி அவித்த கோதுமை மாவும் கலந்த பிட்டு. இடியப்பமும் அப்படித்தான். அன்றிலிருந்து எனக்குத் தனி அரிசி மா, தனி அரிதட்டு, தனிப் பிட்டுக்குழல். என் குழல் மாறிப்போகாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். சோயா மீற்றில் கோதுமை மா இருக்கிறது, கடைப் பெருங்காயத்தில் மா இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அவளே குசினியிலிருந்து நாடு கடத்தினாள். அரிசி கிடைக்காத கிழமைகளில் மரவள்ளிக் கிழங்கு அவித்தாள், குரக்கன் என்கிற கேழ்வரகைக் கிண்டினாள். குரக்கன் எனக்குப் பிடிக்காது என்று முகத்தைச் சுளித்தால், "உங்கட ஓட்டம் உங்களுக்குப் பிடிச்சிருந்ததோ?" என்பாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடனை உருப்படியாக ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் முடிவதற்குள் வயிறு அடங்கிவிட்டது. மற்ற மனிதர்களைப் போல நான் தெருவில் நடந்தேன். சும்மா நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அது இல்லாதவனுக்குத்தான் தெரியும். எங்கள் அலுவலக ஜன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். சீனன்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல் வந்து நின்றால், இனிப் பாணுக்குத் தட்டுப்பாடு இராது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் அந்தக் கப்பலை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் வயிறு அடங்கிய இடத்தில் வேறொன்று முறுக்கத் தொடங்கியது.

அலுவலகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி. கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். தினமும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, கடலைக் கடந்து வேலைக்கு வருவான். பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே வயது, ஒரே மாதிரி வாய்க்கொழுப்பு. பல வருஷமாக மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் ஒன்றாகத்தான் திறப்போம். என் கத்தரிக்காய்க் கறியில் பாதி அவனுக்கு. வியாழக்கிழமைகளில் அவன் மனைவி கட்டிக்கொடுக்கும் ரொட்டியும் கோழிக்கறியும் பாதி எனக்கு. அவன் ரொட்டியைப் பிய்த்து என் கறிக்குள் தோய்ப்பான், நான் அவன் கறிக்குள் கை விடுவேன்.

இப்போது அந்த ரொட்டித் துகள் ஒன்று என் கறியில் விழுந்தாலும் சில மணிநேரத்தில் எனக்குத் தண்டனை. "இண்டைக்கு வேண்டாம் மச்சான்," என்றேன் முதல் வியாழன். அடுத்த வியாழனும் சொன்னேன். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு ஜன்னலோரக் கதிரைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடத் தொடங்கினேன். வயிற்றைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கோழிக்கறியைத் திறந்து வைத்திருக்கிற மனிதனிடம் கக்கூசுக் கதையை எப்படித் தொடங்குவது? நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாள் போயிற்று.

அந்த மாதங்களில் ஊரும் நன்றாக இருக்கவில்லை. தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கமும் கெட்ட செய்திகள். அவர்கள் கடைக்கு எங்கள் ஆட்கள் போவதில்லை, எங்கள் கடைக்கு அவர்கள் வருவதில்லை. நேற்றுவரை ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தவர்கள் இன்று ஒருவரை ஒருவர் சாடையாகப் பார்த்தார்கள். அப்படியொரு காலத்தில், ஒரு சைவ சமயத் தமிழன் தன் முஸ்லிம் கூட்டாளியின் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்தால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எங்கள் ஊரில் தனிப் பாத்திரம் என்றால் அதற்கு ஒரேயொரு கருத்துத்தான். உன் கை எனக்குத் தீட்டு.

அவன் ரொட்டி கொண்டுவருவதை நிறுத்தினான். என்னை "நீங்க" என்று கூப்பிடத் தொடங்கினான். அந்த மரியாதை எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எனக்கும் கோபம் வந்தது. இத்தனை வருஷம் பழகியவன் என்னை இப்படியா நினைப்பான் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வயிறு ஆறியிருந்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் எது போனாலும் இது போகாது என்று நான் நினைத்திருந்த ஒன்று, என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

எங்களைச் சேர்த்து வைத்தவர் பிள்ளையார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோவிலுக்குப் போனேன். மோதகம் கொடுத்தார்கள். பிரசாதத்தில் என்ன மா போட்டீர்கள் என்று ஐயரிடம் கேட்க எந்தச் சைவனுக்கு வாய் வரும்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அரிசி மாவோடு கோதுமை மாவும் கலந்திருந்ததை என் வயிறு பின்னேரம் அறிவித்தது.

அலுவலகம் விட்டு வரும் நேரம். சாவடியில் தெருவை மூடி எல்லாரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். இராணுவ வாகனங்கள் போகும்வரை யாரும் அசையக்கூடாது. எனக்கு வேர்த்தது. கண் இருட்டியது. ஓடினால் சுடுவார்கள், நின்றால் மானம் போகும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் அவன் நின்றான். ஏனோ திரும்பிப் பார்த்தான். மேசையை விட்டு நான் ஓடிய நாட்களின் முகத்தை மறுபடி கண்டவன், கைகளை உயர்த்திக்கொண்டு மெதுவாக வரிசையை விட்டு வெளியே போய், காவலில் நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் பேசினான். அப்படி வெளியே போவது லேசான காரியமில்லை. துப்பாக்கி அவன் பக்கம் திரும்பியதை நான் கண்டேன். அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான், என்னைக் காட்டினான், மறுபடியும் பேசினான். சிப்பாய் சின்னப் பெடியன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தலையை ஆட்டி, மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த தங்கள் கக்கூசுக்கே கூட்டிக்கொண்டு போனான். என் அடையாள அட்டையையும் பையையும் கூட்டாளி பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சிப்பாய்க்கும் என் நன்றி உண்டு.

வெளியே வந்தபோது தெருவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவன் மட்டும் எனக்காக நின்றான்.

"என்ன வருத்தம் ஒனக்கு?" என்று கேட்டான். "நீங்க" போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். பாண், டொக்டர், சிவப்பு நூல் கட்டிய குழல், ரொட்டித் துகள், மோதகம். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பிறகு நடுத்தெருவில் நின்று என்னை ஏசினான்.

"மடையா, இதுக்கா? எங்கட ஊட்டுச் சாப்பாடு ஒனக்கு ஹராமாப் போயிட்டுதெண்டு நான் எவ்வளவு கவலப்பட்டேன் தெரியுமா? என்ட மனுசி ரொட்டி சுடுறத்தையே விட்டுட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்று வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அவன் தங்கைக்குக் கலியாணம். "கட்டாயம் வரணும் மச்சான். சாப்பாட்ட நான் பாத்துக்குவன்," என்றான். எங்கள் தெருவில் சிலர் போகவேண்டாம் என்றார்கள். என் மனைவி போகத்தான் வேண்டும் என்றாள். ஆனால் அவளுக்கு வேறு பயம். கிண்ணியாவில் கலியாணச் சாப்பாடு சஹனில் வைப்பார்கள். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதில் சோறு குவித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கு முன்னால் கோதுமை மாவில் பொரித்த சமோசாவும் பற்றிஸும் வரும். அவற்றைத் தின்ற ஐந்து பேரின் கை அந்தச் சோற்றில் படும். அதனால் அவள் ஓர் எனாமல் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தாள்.

"வெக்கப்படாமல் எடுத்து இதிலை போட்டுச் சாப்பிடுங்கோ. திரும்பி வாற வழியிலயும் சென்றிச் சாவடி இருக்கு, மறக்காதேங்கோ," என்றாள்.

பாதையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு போனபோது அந்தப் பை எனக்குக் கனத்தது. அவன் ஒருவனுக்கு விஷயம் தெரியும். ஆனால் அந்தப் பந்தலில் இருக்கும் அத்தனை பேருக்கும் முன்னால், இப்படிப்பட்ட காலத்தில், ஒரு தமிழன் பைக்குள்ளிருந்து தன் சொந்தக் கோப்பையை எடுத்தால் என் கூட்டாளிக்கு என்ன மரியாதை மிஞ்சும்? எடுக்காமல் விட்டால் திரும்பும் வழியில் என் கதி என்ன?

பந்தலில் சர்பத் கொடுத்தார்கள். சமோசாத் தட்டு வந்தது. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவரும் வேண்டாம் என்றார். அவருக்கு அடுத்தவரும் வேண்டாம் என்றார். எதிரே இருந்த தொப்பை வைத்த மனிதர் சமோசாவை ஆசையோடு பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, தட்டை அனுப்பிவிட்டார்.

"நீங்கள் ஏன் எடுக்கேல்லை?" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் ஒங்கட சஹன் ஆள் தம்பி," என்றார் அவர். "மாவத் தொட்டா சஹனுக்கு வரப்படாதெண்டு மாப்புளட மச்சான் காலையிலயே சொல்லிட்டார்." மாப்பிள்ளையின் மச்சான் என்றது என் கூட்டாளியைத்தான்.

சாப்பிடக் கூப்பிட்டபோது எங்கள் சஹனின் மற்ற ஐந்து பேரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்கள். அதில் என் கூட்டாளியும் ஒருவன், அவனைப் பெற்ற வாப்பாவும் ஒருவர். தண்ணீரை ஊற்றிவிட்டது அந்த வாப்பாதான். நெய்ச்சோறும் கோழிக்கறியும் குவித்த சஹனைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

"எனக்காக எல்லாரும் ஏன் கஷ்டப்படவேணும்? எனக்கு ஒரு தனிக் கோப்பை தந்திருந்தால் போதுமே," என்றேன்.

வாப்பா கோழித் துண்டு ஒன்றைப் பிய்த்து என் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தார்.

"தனியாத் தின்னவா மகன் பாதை ஏறி வந்தீங்க?" என்றார். "பிஸ்மி சொல்லிட்டம், கைய வைங்க."

கை வைத்தேன். தொப்பைக்காரர் சமோசாவின் நஷ்டத்தைச் சோற்றில் ஈடு செய்தார். என் கூட்டாளி பழைய மாதிரியே என் பக்கத்துக் கறிக்குள் கை விட்டான். அவ்வளவு ருசியான சோற்றை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. திரும்பும் வழியில் எல்லாச் சாவடியிலும் வயிறு பேசாமல் இருந்தது. நான் நடந்தே வீடு வந்தேன்.

மனைவி முதலில் பையைத்தான் திறந்தாள். துணியை அவிழ்த்தாள். தான் துடைத்து வைத்த மாதிரியே கோப்பை இருப்பதைக் கண்டதும் அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஐயோ, ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"வயிறு நிறையச் சாப்பிட்டனான்," என்றேன்.

"எதிலை?"

"எல்லாரோடையும்."