மூக்குத்தியா, தொங்கட்டானா?

என் அத்தை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். வேலை முடிந்து வந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே அவருடைய ஒரே தேனீப் பெட்டி இருக்கிறது.

ராணித் தேனீ வளரும் மெழுகு அறைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். தேனடையின் கீழ் விளிம்பில் வரிசையாக வந்தால் தொங்கட்டான். கூட்டம் பிரிந்து பறக்கப்போகிறது என்று அர்த்தம், வெட்டிவிடலாம். அடையின் நடுவில் இரண்டு மூன்று மட்டும் வந்தால் மூக்குத்தி. பழைய ராணியின் இடத்துக்கு இன்னொருத்தியை வளர்க்கிறார்கள், தொடவே கூடாது.

அந்த முறை வந்தது மூக்குத்தி. கிழட்டு ராணியைக் காணவில்லை. வேறொருத்தியை வளர்க்கப் பெட்டியில் ஒரு முட்டைகூட மிச்சமில்லை. எல்லாம் அந்த அறைகளை நம்பித்தான் இருந்தது.

ஒரு மாலை அத்தை மாடியேறியபோது, மாமா முகவலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு உனக்கு வேலையே இல்ல. தொங்கட்டான் எல்லாத்தையும் இப்பதான் வெட்டி முடிச்சேன்!"

"எங்க இருந்துச்சு?"

"தொங்கிட்டு இருந்துச்சு."

"ஏங்க, நடுவுலயா, கீழயா?"

"நடுவுலதான். ஆனா தொங்குச்சே! எந்த ஊர்ல மூக்குத்தி தொங்குது?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உங்கள சொல்லி என்ன? பேரு வெச்ச என்னைச் சொல்லணும்."

வெட்டியவற்றை மாமா ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார், மனைவியிடம் காட்டிப் பாராட்டு வாங்க. இரண்டு நசுங்கியிருந்தன. ஒன்று மட்டும், தோல் உரிக்காத நிலக்கடலை போல, முழுசாக இருந்தது. அத்தை அதை லென்ஸைப் பிடிப்பதுபோல் இரண்டு விரல்களால் எடுத்து, நுனி கீழே பார்க்க, அடையில் குண்டூசியால் பொருத்தினார். உள்ளே உயிர் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

பிறகு அந்த மாடியே கனவுக்குள் போய்விட்டது. மாலை வெயில் பெட்டிமேல் மெல்லப் படுத்துக்கிடக்கும். ராணியில்லாத கூட்டம் நீளமாக முனகும். அத்தை பலகையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மெழுகுச் சுவருக்குள் ஒருத்தி தலைகீழாகத் தொங்கியபடி, தனக்கு இறகு முளைப்பதை உணர்கிறாளோ என்னவோ.

"செருப்பு போடாதேன்ன, சரி. இருமவுமா கூடாது?"

"மெதுவா பேசுங்க. அவ தூங்குறா."

அடையை மறுபடி தூக்கிய அன்று அத்தை முதலில் அந்த அறையைத்தான் பார்த்தார். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் உள்ளே இருந்தவள் செத்தாள் என்று பொருள். பக்கம் கிழியவில்லை. நுனி வட்டமாக அறுபட்டு, மூடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஆடியது.

"என்னம்மா ஆச்சு?"

"கதவத் திறந்து வெளிய வந்துட்டா."

"சாத்தாம வந்துட்டாளா? அப்ப நம்ம வீட்டுப் பொண்ணேதான்."

அத்தை அடுத்த அடையில், நீண்ட உடல் ஒன்று, இன்னும் நிறம் ஏறாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.