ஆபீஸ் ஸ்பீக்கரில் நேயர் விருப்பம்

தென்னூரில் நாலு சின்னக் கம்பெனிகள் சேர்ந்து இருக்கும் ஆபீஸ் எங்களுடையது. நிர்வாகம் என் தலையில். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

நேற்று டிசைனர் நஸ்ரின் பாட்டு போட்டிருந்தபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ஆடிட்டர் சம்பத் மாமா நடுவில் தன் போனை இணைத்துப் பாசுரம் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை.

இன்று காலையில் வந்ததும் எல்லார் போனையும் ஸ்பீக்கரிலிருந்து நீக்கினேன். இனி என் போன் மட்டும்தான் பாடும். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

என் மேஜை ரேடியோ ஸ்டேஷன் ஆகிவிட்டது.

"அண்ணா, அடுத்தது என் பாட்டுங்க."

"சார், சவுண்டைக் கொஞ்சம் குறைங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு சம்பத் மாமா வந்து என் காதருகே குனிந்தார்.

"நேத்திக்கு அந்தப் பொண்ணு போட்டாளே, அதைப் போடுங்கோ. பாதியில நிறுத்திட்டேனா, அந்த வரியே மண்டைக்குள்ள ஓடிண்டிருக்கு. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்கோ."

போட்டேன். நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள். மாமா லேப்டாப்பை முறைத்தபடி மேஜைக்கு அடியில் காலால் தாளம் போட்டார்.

வேலை ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் நல்ல நாள். நாளைக்கு யாருக்கு என்ன பாட்டு வேண்டும், கமெண்டில் சொல்லுங்கள்.

மாமா ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதினேன். நஸ்ரின் இருக்கிறாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.