அறுபத்திரண்டு காம்பராக்களின் பதில்

குந்தா மின்நிலையத்து ஆள் ஒருவர் மஞ்சூர் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொன்னாராம். டிக்கெட்காரர் அதைக் கடைவீதியில் இறக்கிவிட்டுப் போனாராம். கோயமுத்தூர் கல்லூரியிலிருந்து தாள் கட்டோடு வருகிறவர்களிடம் யார் யார் குறை சொல்கிறார்களோ, அவர்கள் பெயரெல்லாம் தனியாக ஒரு நோட்டில் ஏறுகிறதாம். தை பிறந்ததும் அந்தக் குடும்பங்களை லாரியில் ஏற்றி மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

தெய்வம்மாவின் காதுக்கு இது குழாயடியில், கருப்பம்மாக் கிழவியின் வாயால் வந்தது.

"அனுப்புனா அனுப்பட்டுமே. அங்கிட்டு மட்டும் நம்மள ஆரத்தி எடுத்தா உள்ள கூப்புடப் போறான்?" என்றாள் கிழவி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தெய்வம்மா சிரிக்கவில்லை. அந்தத் தாள் கட்டு அவள் தோள்பையில்தான் இருந்தது.

எழுபத்தொன்பதாம் வருடம் அது. மஞ்சூருக்கு மேலே, பஸ் போகாத மேட்டில் இருந்த தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் அறுபத்திரண்டு ஒற்றை அறைக் காம்பராக்கள். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஒரு அடுப்பு. எல்லோரும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து, தாயகம் திரும்புவோருக்குத் தரும் குடும்ப அட்டையோடு கப்பலேறி வந்தவர்கள். அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தார்கள். தெய்வம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். லயத்துக்கு வருகிற கடிதங்களை வாசிப்பதும், போகிற கடிதங்களை எழுதுவதும் அவள்தான். அதனால்தான் மெட்டில்டா மிஸ் அவளைத் தேடி வந்தார்.

மெட்டில்டா மிஸ் அந்தக் கல்லூரியில் சமூகவியல் ஆசிரியை. கல்லூரி ஒரு பக்கம், மலையில் வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் ஒரு பக்கம், லயத்து மக்கள் ஒரு பக்கம், மூவரும் கூட்டாகச் செய்கிற ஆய்வு என்று சொன்னார். மூன்று லயங்களைக் கணக்கெடுப்பார்கள். எங்கே தேவை அதிகமோ அங்கே ஒரு நர்ஸ் தங்கிப் பார்க்க ஓர் அறை, கூடவே ஒரு ஜீப். ஒரே ஒரு லயத்துக்கு மட்டும்.

நர்ஸ், ஜீப் என்ற இரண்டு சொற்களையும் கேட்டதும் தெய்வம்மாவுக்குத் தங்கை சின்னம்மையின் முகம் வந்தது. போன வருடம் ஆடியில் சின்னம்மைக்கு வலி எடுத்த அன்று விடாத மழை. தோட்டத்து டிராக்டரில் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பிள்ளை பிறந்தது. மஞ்சூர் எல்லைக் கல் வருவதற்குள் அதன் முகத்தைத் துணியால் மூட வேண்டியதாகிவிட்டது. இப்போது சின்னம்மைக்கு மறுபடி ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"நாம நெனைக்கறத எழுதக் கூடாது, தெய்வம்மா. அவங்க வாயால சொல்றத மட்டும்தான் எழுதணும். அப்பத்தான் அது ஆய்வு," என்று மிஸ் சொல்லிக் கொடுத்தார். தெய்வம்மா தலையாட்டினாள். அதை அவள் ஒரு எழுத்துக்கூடத் தவறாமல் செய்தாள்.

அவள் செய்த தவறு வேறு. கணக்கெடுக்கப் போன முதல் நாளே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற வடிவேல் மேஸ்திரியைக் கூட அழைத்துக்கொண்டு போனாள்.

இலங்கையில், இங்கத்து மேஸ்திரியைப் போன்ற கங்காணி இல்லாமல் ஒரு தாளும் லயத்துக்குள் நுழைந்ததில்லை. ரேஷன் தாளானாலும், ஊசி போடுகிற தாளானாலும், குடியுரிமைத் தாளானாலும் முன்னால் கங்காணி, பின்னால் தாள். அதுதான் மரியாதை. மேஸ்திரியை அழைத்துப் போகக் கூடாது என்று மிஸ் சொல்லவில்லை. அழைத்துப் போவார்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. அழைக்காமல் போகலாம் என்று தெய்வம்மாவுக்கும் தோன்றவில்லை.

வடிவேல் மேஸ்திரி கெட்டவர் இல்லை. அன்னூர்ப் பக்கத்து ஆள், அதிர்ந்து பேசமாட்டார். ஒவ்வொரு வாசலிலும் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு, "ஏனுங்க, புள்ள என்னமோ கேக்குதாமா, சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான்.

"தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போறீங்க?" என்று தெய்வம்மா கருப்பம்மாவிடம் கேட்டாள்.

"தூரமா? கொழாயே என் மடியிலதானே கெடக்கு."

மேஸ்திரி புகையோடு சிரித்தார்.

"ஒடம்புக்கு முடியாட்டி?"

"எனக்கு எதுக்கு முடியாமப் போவுது? சாவறது ஒரு தடவ. அதுக்குப் போயி மருந்தா?"

"வேற ஏதாச்சும் கொறை?"

கிழவி ஒரு கணம் பீடிப் புகையைப் பார்த்தாள். "ஒரு கொறையும் இல்ல தாயி. எழுதிக்க."

தெய்வம்மா எழுதிக்கொண்டாள். அடுத்த காம்பராவிலும் அதே பதில். அதற்கடுத்ததிலும் அதே. அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அவளுடைய கை எழுதப் போகிற பதிலை முன்கூட்டியே அறிந்திருந்தது. அவளுக்கு ஒன்பது வயதானபோது அப்பா நல்லசாமி, கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொன்னார். அதிகாரி நல்ல மனிதர். குடையை மடக்கிவைத்துவிட்டு நின்று எழுதிக்கொண்டார். மறு வாரம், காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில், அப்பா கையில் பத்துச்சீட்டைக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது, காம்பராவைக் காலி செய் என்கிற சீட்டு. சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று தோட்டம் அலைந்த பிறகு, அந்தக் குடும்பத்தில் எவரும் எவரிடமும் குறை சொன்னதில்லை. லயத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு சீட்டின் கதை இருந்தது. மீதிப் பேர் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

நாற்பத்தொன்றாம் தாள் அவளுடைய வீட்டுக்கு உரியது.

"நமக்கும் அதேதான எழுதுற?" என்றான் புருஷன் காத்தமுத்து.

"நீங்க சும்மா இருங்க. இது என் தாளு."

அன்று அவள் பென்சிலை இரண்டு முறை சீவினாள். குழாய்க்குப் போய்வர ஒரு மணி நேரம். மழை நாளில் பாதை இல்லை. பிரசவத்துக்கு வண்டி இல்லை. டிராக்டரையும், மூன்றாவது வளைவையும், துணியையும் எழுதினாள். தாளில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை மெட்டில்டா மிஸ் தட்டச்சு செய்த அறிக்கையோடு வந்தார். தெய்வம்மா கொடுத்த தேநீரைக் குடிக்காமல் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ் லயத்துக்குத்தான் நர்ஸ் போறாங்க, தெய்வம்மா."

"அங்கன ரோடு இருக்கே மிஸ்? பஸ்ஸே நிக்குமே."

"அவங்க கேட்டாங்க. நாப்பது வீட்ல முப்பத்தாறு வீடு மருத்துவ வசதி வேணும்னு சொல்லியிருக்கு. உங்க லயத்துல அறுபத்தோரு வீடு குறையே இல்லைன்னு சொல்லியிருக்கு." அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். இக்குடியிருப்பில் உணரப்பட்ட தேவை எதுவும் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. "உங்க தாள்லதான் ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. வகுப்புல எடுத்துக் காட்டினேன்."

"எங்க வீட்டுத் தாள் மிஸ்? அதுல எழுதியிருந்தேனே."

மிஸ் தரையைப் பார்த்தார். "கணக்கெடுக்கறவங்க சொந்த வீட்டைச் சேர்க்கறதில்ல. ஒருபக்கமா ஆயிடும்னு விதி. அதை எடுத்துட்டோம்."

வெளியே யாரோ கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. தெய்வம்மா வீடு வீடாக மேஸ்திரியைக் கூட்டிப் போனதைச் சொன்னாள். மிஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயோ. இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னு தெரியல மிஸ்."

திங்கட்கிழமை ஊட்டியில் தொண்டு நிறுவனத்தின் கூட்டம். அதில் கையெழுத்தாகிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. பத்து வீடாவது பெயரும் கைநாட்டும் போட்டுத் தங்கள் பதிலை மாற்றினால், லயத்தை மறுபடி கணக்கெடுக்கும்வரை முடிவை நிறுத்தும்படி துறைத் தலைவரிடம் கேட்கிறேன் என்றார் மிஸ். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போனில் சொன்னால் போதும். எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் தெய்வம்மா தனியாகப் போனாள். மேஸ்திரி இல்லாத அடுப்படிகளில் எல்லாம் கொட்டியது. ஒருத்தியின் பிள்ளைக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். ஒருத்தி காசநோயை மறைத்துக்கொண்டு கொழுந்துக்குப் போகிறாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள், அழுதார்கள், தேநீர் கொடுத்தார்கள். மைப்பெட்டியை எடுத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"பேரு எதுக்கு? பேரு இல்லாம எழுதிக்கயேன்."

"தையில லாரி வருதாமே, நெசமா?"

கருப்பம்மா மட்டும் கேட்பதற்குள் கட்டை விரலை நீட்டினாள். "கப்பல்ல ஏத்துவானா? ஏத்தட்டும். அங்கிட்டு விட்டுட்டு வந்த மாடு ஒண்ணு இருக்கு, பாத்துட்டு வர்றேன். அழுத்திக் குத்தவா, லேசாவா?"

தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர் எல்லப்பன் எட்டாவதாகக் கைநாட்டு வைத்தார். மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்கு முன்னால் வந்து, கூச்சத்தோடு நின்று, அதை அடித்துவிடச் சொன்னார். "பொம்பள ஏசுது, தெய்வம்மா. மன்னிச்சுக்க." மறுபடி ஏழானது.

தங்கை வீட்டுக்கு அவள் கடைசியாகத்தான் போனாள். அங்கே கேட்கவே தேவையில்லை என்று நினைத்திருந்தாள். சின்னம்மை வெந்நீரில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் மயில்சாமி தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என் பேரு வேணாம், மதினி."

"ஒன் புள்ளைக்குத்தான்டா இது."

"புள்ள போனா இன்னொண்ணு பொறக்கும். காம்பரா போனா எங்க போறது?"

தெய்வம்மா தங்கையைப் பார்த்தாள். சின்னம்மை வீங்கின கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டு, ஏழு கைநாட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு தெய்வம்மா மஞ்சூருக்கு இறங்கினாள். பத்து இல்லை, ஏழுதான். கெஞ்சிப் பார்க்கலாம். மிஸ் நல்லவர். அப்பா பேச்சைக் குறித்துக்கொண்ட கொழும்பு அதிகாரியும் நல்ல மனிதர்தான் என்ற நினைப்பு நடுவில் வந்தது. அதைத் தள்ளிவிட்டு நடந்தாள்.

கடைவீதியில் போன் இருந்தது ஹபீப் முகமதுவின் மளிகைக் கடையில். மூன்று மணிக்கு எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்த வெளியூர் டிரங்க் கால், ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கிடைத்தது.

"லைன் கெடச்சிருச்சுங்கம்மா, பேசுங்க," என்று அவர் ரிசீவரை நீட்டினார்.

தூரத்தில் மணி அடித்தது. தெய்வம்மா சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டினாள். மிஸ், நான் தெய்வம்மா. ஏழு வீடு இருக்கு.

"எடுக்கலீங்களா?" என்றார் ஹபீப், சர்க்கரைப் பொட்டலத்தை நூலால் சுற்றிக்கொண்டே.

"அடிக்குதுங்க."

"அடிக்குதுன்னா ஆள் வரும். காலேஜு பெரிய கட்டடமுங்க. நடந்து வரோணுமில்ல."

அவள் அந்தக் கல்லூரியைப் பார்த்ததில்லை. நீளமான வராந்தாவாக இருக்கும் என்று நினைத்தாள். அதன் கோடியிலிருந்து மெட்டில்டா மிஸ் அறிக்கைக் கட்டோடு வேகமாக வருவதாக நினைத்துக்கொண்டாள். கடைக்கு எதிரே பனி இறங்கி, நின்றிருந்த பஸ்ஸின் பின்பாதியை மூடியது. லயத்துக்குப் பாதை பிரியும் முக்கில் அவள் இறங்க அதுதான் கடைசி பஸ்.

ஹபீப் நாள்காட்டியை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்கம்மா, இன்னைக்கு அங்க லீவு கீவு இருக்குமோ?"

"அஞ்சு மணிக்குள்ளன்னு மிஸ்ஸே சொன்னாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்ச்காரரின் குரல் குறுக்கே வந்தது. "மஞ்சூர், நம்பர் அடிக்குது, பதில் இல்ல. கட் பண்ணிரட்டுமா?"

"வேண்டாங்க ஐயா. இன்னுங் கொஞ்சம்."

பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். வியர்வையில் கருப்பம்மாவின் கைநாட்டு அடுத்த பெயரின் மேல் படிந்திருந்தது. தாளை மேஜைமேல் விரித்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.